12 இருந்தா நார்மல்னு நானும்தான் சொன்னேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மருத்துவ இணைப்புல ரத்தசோகை பத்தி ஒரு பக்கம் வந்துச்சு. கட்டுரை பரவால்ல, பேரீச்சம்பழம் முருங்கைக்கீரை பீட்ரூட்னு வழக்கமான லிஸ்ட்டுதான். ஆனா ஓரத்துல மஞ்சள் கலர்ல ஒரு பெட்டி போட்டு, பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கு மேல இருந்தா இரும்புச்சத்து பத்தி கவலையே பட வேண்டாம்னு எழுதியிருந்தீங்க. அதைப் படிச்சிட்டு காபி ஆறிப்போற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். ஏன்னா முப்பது வருஷத்துக்கும் மேல இதே வாக்கியத்தை நானே ஆயிரம் பேர்கிட்ட சொல்லிருக்கேன்.

நான் டாக்டர் இல்ல சார். ரிட்டயர்ட் லேப் டெக்னீஷியன். நான் வேலைக்கு சேர்ந்தப்ப ஹீமோகுளோபின் பாக்க மெஷின் கிடையாது, சாலி டியூப்தான். டியூப்ல கீழ்க்கோடு வரைக்கும் ஆசிட் ஊத்தி, விரல்ல குத்தி பிப்பெட்ல ரத்தத்தை வாயால உறிஞ்சி (இப்ப உள்ள பசங்க கேட்டா மயக்கம் போட்டுருவாங்க) அதுல விட்டு, பத்து நிமிஷம் வச்சா ரத்தம் காபி டிகாஷன் கலருக்கு வரும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டர் சொட்டு சொட்டா விட்டு கண்ணாடிக்குச்சியால கலக்கி, ரெண்டு பக்கமும் இருக்கிற பிரவுன் கண்ணாடியோட கலர் ஒத்துப்போகுதான்னு ஜன்னல் பக்கம் திருப்பிப் பாக்கணும். மேகம் மூடுனா அரை கிராம் முன்னபின்ன ஆகும். சாயங்காலம் டியூப்லைட்ல பாத்தா இன்னொரு அரை கிராம். அந்த லட்சணத்துல எடுத்த நம்பரை வச்சுதான் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கிற அக்கா "தம்பி எவ்ளோ இருக்கு"ன்னு கேட்டா "பன்னெண்டு இருக்குக்கா, நல்லா இருக்கு, போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிருவேன். "அப்புறம் ஏன்ப்பா கை காலெல்லாம் இப்படி அசந்து வருது"ன்னு அது கேட்டா என்கிட்ட பதில் கிடையாது. வயசாகுதுல்லன்னு சிரிச்சிருக்கேன். அந்த அக்காவுக்கு முப்பத்தஞ்சு வயசு இருந்தா அதிகம்.

சிரிச்ச பாவம் வீட்டுக்கே வந்துச்சு. சென்னையில வேலை பாக்குற என் பொண்ணுக்கு ஒன்றரை வருஷமா சதா அசதி, மாடிப்படி ஏறுனா படபடப்பு, சீப்புல கொத்து கொத்தா முடி. ரெண்டு எடத்துல காட்டுனா, ஹீமோகுளோபின் 12.4, தைராய்டு நார்மல், வேலை டென்ஷன்தான், நல்லா தூங்குங்கன்னு அனுப்பிட்டாங்க. நானும் போன்ல அதையேதான் சொன்னேன், கூடவே செல்போனை கொறை-ன்னு ஒரு அட்வைஸ் வேற. கடைசியா ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பெரிட்டின் எழுதிக் குடுத்து பாத்தா 6. உடம்புல சேமிப்புல இருக்கிற இரும்பைக் காட்டுற டெஸ்ட் அது, 15க்கு கீழ போனாலே கையிருப்பு காலின்னு அர்த்தம். மாசாமாசம் ரத்தப்போக்கு ரொம்ப அதிகமா இருந்திருக்கு, அதை அவ அவங்கம்மாகிட்ட சொல்லிருக்கா, அப்பா லேப்ல வேலை பாத்த ஆளாச்சேன்னு என்கிட்ட சொல்லத் தோணல. அது எனக்கு வேண்டியதுதான்.

அந்த ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு ராத்திரி ராத்திரியா நெட்ல தேடுனப்பதான் எர்னஸ்ட் பாய்ட்லர்னு ஒருத்தர் பேரு திரும்ப கண்ணுல பட்டுச்சு. திரும்பன்னு சொல்றேன், ஏன்னா அந்தப் பேரு எங்களை மாதிரி லேப் ஆளுங்களுக்கு வேற கணக்குல தெரிஞ்ச பேரு. மலேரியாவுக்கு பிரைமாகுவின் குடுக்கறதுக்கு முன்னாடி ஜி6பிடி (ரத்த சிவப்பணு உடையாம காக்குற ஒரு நொதி) குறைபாடு இருக்கான்னு பாப்போம்ல, அதுக்கு ரத்தத்தை ரீஏஜென்ட்ல கலந்து பில்டர் பேப்பர்ல ஒரு சொட்டு வச்சு காய விட்டு இருட்டுல யுவி லைட் அடிச்சா, நல்ல ரத்தம் மினுங்கும், குறைபாடு உள்ள ரத்தம் மங்கலா கெடக்கும். அந்த டெஸ்ட்டை உருவாக்குனவரு அவருதான், 1960கள்ல. ஆனா அதே மனுஷன் வாழ்நாள் முழுக்க இன்னொரு பக்கம் இரும்பு பின்னாடி அலைஞ்சாருன்னு எனக்கு இவ்ளோ நாள் தெரியாது.

1928ல பெர்லின்ல பொறந்தவரு. யூதக் குடும்பம், அம்மா குழந்தை டாக்டர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஊரை விட்டு அமெரிக்காவுல மில்வாக்கிக்கு வந்து சேர்ந்தாங்க, இவருக்கு அப்ப ஏழு வயசு. பதினஞ்சு வயசுல சிகாகோ யுனிவர்சிட்டில சேர்ந்து 21 வயசுல டாக்டராயிட்டாரு. நம்ம ஊர்ல அந்த வயசுல ரெண்டாவது தடவை நீட் எழுதிட்டு இருப்பாங்க. அப்புறம் ராணுவத்தோட மலேரியா ஆராய்ச்சிக்கு போட்டாங்க, இல்லினாய்ல ஸ்டேட்வில் ஜெயில் கைதிங்களுக்கு பிரைமாகுவின் குடுத்துப் பாத்த ஆராய்ச்சி. கைதிங்க விருப்பப்பட்டுதான் வந்தாங்கன்னு பேப்பர்ல இருக்கும், கம்பிக்குள்ள இருக்கிறவனுக்கு விருப்பம்னு என்ன பெருசா இருக்கப்போவுதுன்னு எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, அது தனிக்கதை. அந்த மாத்திரை சிலருக்கு மட்டும் ஏன் ரத்தத்தை உடைக்குதுன்னு, அதாவது அந்த ஜி6பிடி குறைபாட்டைக் கண்டுபிடிச்ச கூட்டத்துல இவரும் ஒருத்தர்.

இரும்பு விஷயத்துக்கு வரேன். 1950கள்ல எல்லாரும் நம்புனது உங்க மஞ்சள் பெட்டியில இருக்கிறதைத்தான். இரும்பு கொறைஞ்சா ரத்தசோகை வரும், ரத்தசோகை இல்லன்னா இரும்பு போதுமானது இருக்கு, அவ்ளோதான் கணக்கு. பாய்ட்லர் கேட்ட கேள்வி என்னன்னா, இரும்பு ஹீமோகுளோபின்ல மட்டுமா இருக்கு? உடம்புல இருக்கிற மூணு நாலு கிராம்ல பெரும்பங்கு அங்கதான், சரி. ஆனா தசையில இருக்கு, ஒவ்வொரு செல்லும் சத்தை எரிச்சு சக்தியாக்குற எடத்துல சைட்டோகுரோம்னு ஒரு புரதக் கூட்டம் இருக்கு, அதுலயும் இரும்புதான். எலிங்களுக்கு இரும்பில்லாத தீனி போட்டு வளர்த்துப் பாத்தாரு, அந்தக் கூட்டத்துல ஒண்ணான 'சைட்டோகுரோம் சி'யும் திசுக்கள்ல கொறையுதுன்னு 1957ல எழுதுனாரு. அதாவது அசதி ரத்தத்துல இருந்துதான் வரணும்னு இல்ல, செல்லுக்குள்ள இருந்தும் வரலாம்.

எலியோட விட்டிருந்தா நான் இந்த லெட்டர் எழுதிருக்க மாட்டேன். 1960ல வந்த ஆராய்ச்சிதான் என்னை உலுக்குனது. எப்பவும் அசதியா இருக்குன்னு வர்ற பொம்பளைங்க, ஆனா ரத்தசோகை இல்லாதவங்க, டாக்டருங்க மனசு சம்பந்தப்பட்டதுன்னு ஒதுக்கி அனுப்புன கூட்டம், அவங்களைத்தான் எடுத்துக்கிட்டாரு. பெரிட்டின் டெஸ்ட் அப்ப கிடையாது, அது 1972லதான் பிரிட்டன்ல வேல்ஸ் பக்கம் கார்டிஃப்ல வந்துச்சு. அதனால எலும்பு மஜ்ஜையை எடுத்து ஸ்டெயின் பண்ணி, அதாவது சாயம் ஏத்திப் பாக்கணும். இந்த ஸ்டெயின் நான் போட்டிருக்கேன் சார். இரும்பு இருந்தா மைக்ராஸ்கோப்ல நீல நீலமா பொடி தூவுன மாதிரி தெரியும், ரவுக்கைத் துணியில சொட்டுநீலம் தெறிச்ச மாதிரி. இரும்பு இல்லன்னா எவ்ளோ நேரம் ஸ்லைடை நகத்துனாலும் வெறும் ரோஸ் கலர்தான், ஒரு பொட்டு நீலம் இருக்காது. பாக்குற நமக்கே என்னவோ போல இருக்கும்.

அந்தப் பொம்பளைங்களுக்கு கொஞ்ச நாள் இரும்பு மாத்திரை, கொஞ்ச நாள் வெத்து மாத்திரை, எது எதுன்னு குடுக்கிறவங்களுக்கும் தெரியாது சாப்பிடுறவங்களுக்கும் தெரியாது. பிரிச்சுப் பாத்தா, மஜ்ஜையில நீலம் இல்லாதவங்களுக்கு வெத்து மாத்திரையை விட இரும்புல நல்லா தெம்பு வந்திருக்கு, நீலம் இருந்தவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இதுல எனக்குப் புடிச்ச விஷயம், அசதின்னு வந்த எல்லாரையும் நம்பி மாத்திரையை அள்ளிக் குடுக்கவும் இல்ல, ரிப்போர்ட் நார்மல்னு எல்லாரையும் தொரத்தவும் இல்ல. யாருக்கு நெஜமாவே காலின்னு ஆள் ஆளா பிரிச்சுப் பாத்தாரு.

எங்க ஆச்சி வீட்டுல பெரிய குதிர் உண்டு. குதிர்ல நெல்லு அடி தட்டுற வரைக்கும் வீட்டுல உலை கொதிச்சுக்கிட்டுதான் இருக்கும், தட்டுல சோறு கொறையாது, வர்றவங்க பாத்தா இந்த வீட்டுல என்ன கொறைன்னுதான் நினைப்பாங்க. ஹீமோகுளோபின் அந்தத் தட்டு சோறு. மொதல்ல குதிர் காலியாகும், அப்புறம் ரத்தத்துல இரும்பைத் தூக்கிட்டுப் போற வண்டி காலியா ஓடும், கடைசியிலதான் ஹீமோகுளோபின் எறங்கும். நாங்க லேப்ல பாத்துட்டு இருந்தது தட்டை மட்டும்தான்.

இந்த 1960 ஆராய்ச்சி ரொம்ப சின்னது, ரொம்ப நாள் அப்படியே கெடந்துச்சு. அப்புறம் 2012ல 198 பொம்பளைங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஹீமோகுளோபின் 12க்கு மேல, பெரிட்டின் 50க்கு கீழ. மூணு மாசம் இரும்பு சாப்பிட்டவங்களுக்கு அசதி கிட்டத்தட்ட 48 சதவீதம் கொறைஞ்சுது, வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு 29 சதவீதம். வெத்து மாத்திரைக்கே 29ன்னா பாத்துக்கோங்க, மனசும் சும்மா இல்ல. ஆனா நடுவுல இருக்கிற அந்த வித்தியாசம் இரும்போடது. அம்பத்திரண்டு வருஷம் கழிச்சும் பாய்ட்லர் சொன்னது சரியாத்தான் இருந்துச்சு, அவரு அப்ப உயிரோட இல்ல.

இதை வச்சு எல்லாரும் இரும்பு மாத்திரை வாங்கி முழுங்குங்கன்னு அடுத்த வாரம் பெட்டி போட்டுறாதீங்க, புண்ணியமாப் போவும். அதுக்கும் அதே மனுஷன்தான் பதில் சொல்லிருக்காரு.

உள்ள போன இரும்பை வெளிய தள்ள நம்ம உடம்புக்கு வழியே கிடையாது. சிறுநீரகமும் தள்ளாது கல்லீரலும் தள்ளாது, தோல் உதிர்றதுல குடல் உதிர்றதுல ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு மில்லிகிராம் போறதுதான். அதனால உள்ள வர்ற வாசல்ல மட்டும்தான் காவல். அந்தக் காவல் பரம்பரையா கெட்டுப்போனா இரும்பு சேந்துக்கிட்டே போயி கல்லீரல், இருதயம், கணையம்னு படியும், அதுக்கு ஹீமோகுரோமடோசிஸ்னு பேரு. வைத்தியம் என்னன்னா அடிக்கடி ரத்தத்தை எடுத்துக் கொட்டுறது. ஒரு பாட்டில் ரத்தத்துல 200லிருந்து 250 மில்லிகிராம் இரும்பு போயிரும். 1996ல இதுக்குக் காரணமான ஜீனைக் கண்டுபிடிச்சதும் ஒரே ஆர்ப்பாட்டம், ஐரோப்பிய வம்சாவளியில ரொம்பப் பேருக்கு இருக்கு, ஊரையே டெஸ்ட் பண்ணனும்னு பெரிய பெரிய ஆளுங்க பேச ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்ல அந்த ஜீன் மாற்றம் இல்லவே இல்லங்கற அளவுக்கு அபூர்வம், அதனால நாம இந்த ஆர்ப்பாட்டத்துல தப்பிச்சோம்.

பாய்ட்லர் அப்ப கலிபோர்னியாவுல ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்துல இருந்தாரு, எழுபது தாண்டிருச்சு. சான் டியேகோவுல சும்மா ஹெல்த் செக்கப்புக்கு வந்த 41,038 பேரோட ரத்தத்தைப் பாத்தாரு. அதுல அந்த கோளாறு ஜீன் ரெண்டு பிரதி உள்ளவங்க 152 பேரு. அவங்களுக்கு மூட்டு வலி இருக்கா, அசதி இருக்கா, சுகர் இருக்கான்னு கேட்டா, ஆமான்னு நெறைய பேரு சொன்னாங்க. இங்க நிறுத்தியிருந்தா பாருங்க எல்லாருக்கும் வியாதின்னு தலைப்பு போட்டுருக்கலாம். ஆனா ஜீன் கோளாறே இல்லாதவங்ககிட்டயும் அதே கேள்வியை கேட்டாரு, அவங்கள்லயும் அதே அளவுக்கு மூட்டு வலி, அதே அளவுக்கு அசதி! வியாதி முழுசா முத்துன ஆளுன்னு பாத்தா அந்த 152ல ஒரே ஒருத்தர். நூத்துக்கு ஒண்ணு கூட தேறாதுன்னு 2002ல லான்செட் மருத்துவ இதழ்ல எழுதுனாரு. அந்தத் துறையில வாழ்நாளைப் போட்டவங்களுக்கு எப்படி இருந்திருக்கும், நல்ல சண்டை. 2008ல மெல்போர்ன்காரங்க 31,192 பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்து, அந்த ஜீன் உள்ள ஆம்பளைங்கள்ல 28 சதவீதத்துக்கு இரும்பு படிஞ்ச வியாதி வருது, பொம்பளைங்களுக்குத்தான் ஒரு சதவீதம் சொச்சம்னு சொன்னாங்க. ஆக ஆம்பளைங்க விஷயத்துல பாய்ட்லர் கொஞ்சம் ஓவராத்தான் கொறைச்சு சொல்லிட்டாருன்னு நான் நினைக்கிறேன். ஆனா பக்கத்துல ஒப்பிட ஒரு கூட்டத்தை நிறுத்திட்டுப் பேசுங்கன்னு அவரு புடிச்ச புடி சரி. 1960ல ரிப்போர்ட் நார்மல், ஆனா அசதி நெஜம்னு சொன்னதும் 2002ல ரிப்போர்ட் கோளாறு, ஆனா அசதி அதனால இல்லன்னு சொன்னதும் ஒரே ஆளு, ஒரே வழிமுறை. நடுவுல 42 வருஷம்.

நடுவுல என்னென்னவோ பண்ணிருக்காரு, பொம்பளைங்க உடம்புல ரெண்டு எக்ஸ் குரோமோசோம்ல ஒவ்வொரு செல்லுலயும் ஒண்ணுதான் வேலை செய்யுதுன்னு 1962ல மனுஷ ரத்தத்துல காட்டுனது, ஒரு வகை ரத்தப்புத்துநோய்க்கு கிளாட்ரிபின்னு மருந்து கொண்டு வந்து ஏழு நாள் ட்ரிப்ஸ்லயே முதல் 12 பேர்ல 11 பேருக்கு முழுசா அடங்குனது. அதுக்கெல்லாம் எடமில்ல, எனக்கும் அவ்ளோ புரியாது.

எலிக்கதை ஒண்ணை மட்டும் சொல்லிடறேன். அவரு மகன் புரூஸ் பாய்ட்லர், 2011ல நோபல் வாங்குனாரே, நோய் எதிர்ப்பு சக்திக்காக. அவரு லேப்ல எலிங்களுக்கு ஜீன் மாத்தி மாத்திப் பாக்கும்போது ஒரு எலிக்கு உடம்பு முழுக்க முடி கொட்டிருச்சு, மூஞ்சில மட்டும் முடி அப்படியே இருக்கு, மாஸ்க் போட்ட மாதிரி. அதனால பேரே மாஸ்க். மகன் லேப்ல வந்த எலியை அப்பா ரத்தம் பாத்தா, கடுமையான இரும்புக் குறைபாடு. தீனியில இரும்பு இருக்கு, உடம்பு எடுத்துக்கல. இரும்பை அள்ளிப் போட்டு தீனி குடுத்ததும் முடி திரும்ப மொளைச்சிருச்சு. என் பொண்ணு சீப்பை நினைச்சுக்கிட்டே அந்தப் பத்தியை நாலு தடவை படிச்சேன்.

காரணம் என்னன்னா, வாசல்ல காவல்னு சொன்னேன்ல, அந்தக் காவலுக்கு உத்தரவு போடுறது கல்லீரல்ல சுரக்குற ஹெப்சிடின்னு ஒரு குட்டி ஹார்மோன். 2000, 2001 வாக்குலதான் இப்படி ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது. அது சுரந்தா குடல்ல இரும்பு உள்ள வர்ற கதவு சாத்திரும், உடம்புல இரும்பு கொறைஞ்சா சுரக்கறது நின்னு கதவு தெறக்கும். அந்த எலிக்கு டிஎம்பிஆர்எஸ்எஸ்6ங்கற ஜீன் கெட்டுப்போனதால, இரும்பு கொறைஞ்சாலும் சுரப்பை நிறுத்தத் தெரியல, பட்டினி கெடக்குற வீட்டுக்காரனே உள்தாழ்ப்பாள் போட்டுக்கிட்ட மாதிரி. அப்பாவும் மகனும் சேர்ந்து எழுதுன அந்தக் கட்டுரை 2008 மே மாசம் சயின்ஸ் பத்திரிகையில வந்துச்சு. அதே வருஷம் மனுஷங்கள்லயும், எவ்ளோ இரும்பு மாத்திரை குடுத்தாலும் ஏறாத சில பிள்ளைங்களுக்கு இதே ஜீன் கோளாறுன்னு இன்னொரு கூட்டம் சொல்லுச்சு. அக்டோபர்ல பாய்ட்லர் இறந்துட்டாரு, 80 வயசு.

அபூர்வமான வியாதிதான், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு ஞாபகம் வர்றது எங்க லேப்புக்கு மாசாமாசம் வந்த ஒரு அம்மாவும் பையனும். ஆறு மாசம் மாத்திரை குடுத்தும் பையனுக்கு 8ஐத் தாண்டல. ஒழுங்கா குடுக்கறியா இல்ல தூக்கிப் போட்டுறியான்னு அந்த அம்மாவை எல்லாரும் ஏசுனாங்க, நானும் ஒரு தடவை ஏசுனேன். அவனுக்கு என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, தலசீமியாங்கற பரம்பரை ரத்தக் கோளாறு ஜீனா இருக்கலாம், குடல்ல புழுவா இருக்கலாம். அதுக்கெல்லாம் பாக்கவே இல்லங்கறதுதான் விஷயம். அந்த அம்மா ஒண்ணும் பேசாம கைப்பையில இருந்து காலி மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்து டேபிள் மேல ஒவ்வொண்ணா அடுக்குச்சு. ரப்பர் பேண்ட் போட்டு தேதி எழுதி வச்சிருந்துச்சு. இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு கூசுது.

பொண்ணு இப்ப தேவலை. ரத்தப்போக்குக்கு தனியா வைத்தியம் பாத்தாங்க, இரும்பு ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதிக் குடுத்தாங்க. தினமும் குடுத்தா சீக்கிரம் ஏறுமேன்னு நான் சண்டைக்குப் போனேன், இன்னிக்கு சாப்பிட்ட மாத்திரையால ஹெப்சிடின் கூடி நாளைக்கு கதவு பாதி சாத்தியிருக்கும், அதனாலதான்னு டாக்டரம்மா விளக்குனாங்க. அந்த மாஸ்க் எலியைப் பத்தி அவங்ககிட்ட சொன்னேன், ஆச்சரியமாப் பாத்தாங்க. அசதி போக மூணு மாசம் ஆச்சு, பெரிட்டின் 40ஐத் தொட அதுக்கும் மேல.

ஆசிரியர்கிட்ட நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. அந்தப் பெட்டிக்கு ஒரு திருத்தம் போடுங்க. எட்டாம் பக்கத்து மூலையில எறும்பு எழுத்துல வேண்டாம், அதே இணைப்புல, அதே எடத்துல, அதே மஞ்சள்ல. ஹீமோகுளோபின் 12க்கு மேல இருந்தும் அசதி, முடி கொட்டுறது, அதிக ரத்தப்போக்கு இருந்தா டாக்டர்கிட்ட பெரிட்டின் பத்திக் கேளுங்க, பாக்காம நீங்களா மாத்திரை வாங்கி சாப்பிடாதீங்க, இந்த ரெண்டு வரி போதும். இன்னொண்ணு, நோபல் வாங்குன மகனைப் பத்தி எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு, ஒரு ஞாயித்துக்கெழமை அப்பாவைப் பத்தியும் ஒரு பக்கம் எழுதுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
பாளையங்கோட்டை.

பி.கு: எழுதுனா பேரை பியூட்லர்னு போட்டுறாதீங்க. பாய்ட்லர்.